செவலையின் காதில் குத்திய முள்

என் வீட்டுக்காரர் என்ன நோயில் போனார் என்று எனக்குத் தெரியாது. அவர் போன நாளிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சாமி செய்ததை நீங்கள் ஆளுக்கொன்றாகச் சொல்கிறீர்கள், நான் சொல்லப்போவது எங்கள் வீட்டு நாயைப் பற்றித்தான். ஆனால் இங்கிருந்து தொடங்கினால்தான் அய்யனார் எனக்கு என்ன செய்தார் என்பது உங்களுக்கு விளங்கும்.

எங்களுக்குக் கல்லலுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் அவர் வெளுக்க ஆரம்பித்தார். கழுத்தில் நெல்லிக்காய் போலக் கட்டிகள். சோறு இறங்கவில்லை. காய்ச்சல் வரும், போகும். காட்டாத இடமில்லை. ஒருவர் டைபாய்டு என்றார், ஒருவர் காமாலை என்றார். மதுரைக்குக் கொண்டுபோக வண்டி பேசிய அன்று காலையில் அவர் போய்விட்டார். நடுத்தர வயதுகூட ஆகவில்லை.

காரணம் தெரியாத சாவுக்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் கிடைத்துவிடும். என் மாமியாருக்கும் ஒன்று கிடைத்தது. கருமாதிக்குக் கூடியிருந்த பங்காளிகள் முன்னால், நான் சோற்றில் மருந்து வைத்துவிட்டேன் என்றார். புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ள எதையோ அரைத்துச் சோற்றில் கலப்பார்கள், அது முறிந்தால் ஆள் வெளுத்துச் சாவான் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. யாரும் அவரை அடக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. எதைச் சொல்லி மறுப்பது? எனக்கே என்ன நோய் என்று தெரியாதே.

அன்றிலிருந்து அத்தை என் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. எனக்குப் பிறந்த வீட்டில் போக்கிடம் இல்லை. அத்தைக்கு வேறு பிள்ளை இல்லை. பேசாமலே இரண்டு பேரும் கிடந்தோம்.

மிச்சம் இருந்தது செவலை. என் வீட்டுக்காரர் குட்டியாக மடியில் கட்டித் தூக்கி வந்த நாட்டு நாய். அத்தை வைக்கும் சோற்றையும் தின்னும், நான் வைப்பதையும் தின்னும். அந்த வீட்டில் என் சோற்றுக்குப் பயப்படாத ஒரே உயிர் அதுதான்.

மறுவருஷம் ஆனியில் செவலை படுத்துவிட்டது. முதலில் தீனி குறைந்தது. பிறகு வரப்பில் நாலு எட்டு நடந்தால் உட்கார்ந்துகொண்டது. ஒருநாள் தாடைக்குக் கீழே தடவிப் பார்த்தேன். கட்டி தட்டுப்பட்டது. உதட்டைத் தூக்கினால் ஈறு வெள்ளை. இதையெல்லாம் நான் ஏற்கனவே ஒரு தடவை பார்த்தவள்.

அத்தையும் பார்த்துவிட்டார். நேரே போய் மஞ்சள் துணி கிழித்து வந்து நாயின் கழுத்தில் கட்டினார். மண்குதிரை எடுக்கும் புரவியெடுப்புத் திருவிழாவில் மண் நாய் செய்து வைப்பதாகக் கண்மாய்க்கரை அய்யனாருக்கு நேர்ந்துகொண்டார். மகன் வளர்த்த நாய், அவருக்கும் அது உயிர்தான்.

காரைக்குடியிலிருந்து மாட்டு டாக்டரை நான் வரவழைத்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், இளவயது. செவலையின் தாடை, தொடையிடுக்கு, வயிறு எல்லாம் பொறுமையாக அமுக்கிப் பார்த்தார்.

"உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம். வேற பெரிய வியாதியாவும் இருக்கலாம். காதோரத்துல ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாத்தாதான் சொல்ல முடியும்" என்றார்.

அத்தை குறுக்கே வந்து நின்றார். "தம்பி, இது சாமிக்கு நேந்துவிட்ட நாயி. நேத்தி முடியுற வரைக்கும் ஒரு சொட்டு ரத்தம் சிந்தப்படாது. ஊசி கீசின்னு வராதீக."

எங்கள் வீடுகளில் அப்படித்தான். நேர்ந்துவிட்ட உயிர் சாமியுடையது, அதன் மேல் கத்தியும் ஊசியும் படக்கூடாது. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சண்டை போடத் தெம்பில்லை. மீறிக் குத்தச் சொல்லி நாய் செத்துப்போனால், அந்தப் பழியும் என் தலையில்தான் விடியும். குத்தாமல் செத்தாலும் அப்படித்தான். நாய்க்கும் மருந்து வைத்துவிட்டாள் என்று இரண்டு வீட்டில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். டாக்டர் சத்து மருந்து ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நாளுக்கு நாள் செவலை எலும்பாகிக்கொண்டு வந்தது. ஒரு காலையில் எழுந்ததும் எனக்கு அடுப்புப் பற்ற வைக்கவே மனமில்லை. அப்படியே கண்மாய்க்கரைக்குப் போனேன். செவலையும் நின்று நின்று பின்னாலேயே வந்தது. அய்யனார் முன்னால் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. எனக்குச் சலிப்புத்தான் இருந்தது.

"பொழைக்க வையின்னு கேக்க வரல. எங்க வீட்டுக்காரவுகளுக்காக அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. இது என்னன்னு மட்டும் காட்டு. இந்தத் தடவையாச்சும் எனக்குத் தெரியணும்" என்றேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை. நல்ல வார்த்தையாக நாலு சொல்லிக் கும்பிடக்கூட இல்லை.

திரும்பி வரும்போது செவலை ஒரு கருவேலம் புதருக்கடியில் நிழலுக்குப் படுத்துவிட்டது. கூப்பிட்டேன். எழுந்தது. எழும்போது காது முள்ளில் மாட்டிக் கிழிந்தது. கிழிந்தது என்னவோ சின்னக் கிழிசல்தான், ரத்தம் நிற்கவில்லை. முந்தானையால் அழுத்தினேன், நிற்கவில்லை.

அன்று எங்கள் ஊர் மாடுகளுக்கு வெக்கை நோய்த் தடுப்பூசி போடும் நாள். அது எனக்கு நினைவிலேயே இல்லை. கரைக்கு அங்குட்டு மாடுகளை வரிசையாக நிறுத்தி ஊசி போட்டுக்கொண்டிருந்தவர் அதே டாக்டர். நான் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அத்தையும் பசுவைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் நின்றார். நாயின் காதில் ரத்தத்தைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

"அம்மா, நான் குத்தல. முள்ளு குத்திருக்கு. நான் கேட்ட அதே காதோரம்" என்றார் டாக்டர்.

அத்தை கோயில் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "சாமியே எடுத்துக் குடுத்திருச்சு. எடுத்துக்கிருங்க தம்பி" என்றார்.

டாக்டர் காதைத் துடைத்துவிட்டு, புதிதாக ஊறிய சொட்டைக் கண்ணாடித் துண்டில் தொட்டு மெல்லியதாக இழுத்தார். அப்படி இரண்டு கண்ணாடி. ஒன்றை அவரே பார்ப்பதாகவும், மற்றதை மெட்ராஸுக்கு அனுப்புவதாகவும் சொன்னார்.

மெட்ராஸிலிருந்து பதில் வந்ததும் சைக்கிளில் வீட்டுக்கே வந்துவிட்டார். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கின்றன, இது ரத்தப் புற்றுநோய் என்றார். மெதுவாகப் போகிற வகை. முழுசாகக் குணமாகாது, மாத்திரையால் கொஞ்ச காலம் அடக்கி வைக்கலாம்.

அத்தை தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது எதுனால வருது தம்பி? தின்ன சோத்துனாலயா?"

"சோத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. யாரும் குடுத்து வர்றதில்ல. ரத்தம் ஊறுற இடத்துலயே கெட்டுப்போகுது."

"மனுசருக்கும் வருமா?"

"வரும்."

"கழுத்துல கட்டி வருமா? வெளுத்துப் போவாகளா? சோறு எறங்காதா?"

"ஆமாம்மா. யாருக்கு அப்படி இருக்கு?"

அத்தை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என் வீட்டுக்காரருக்கு இருந்ததும் இதுதான் என்று டாக்டர் சொல்லவில்லை. பார்க்காத ஆளைப் பற்றி அவர் எப்படிச் சொல்வார்? நானும் இன்றுவரை அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று எனக்கு மூச்சு சீராக வந்தது.

மதுரையிலிருந்து இரண்டு விதமான மாத்திரை தருவித்தோம். மனிதருக்குக் கொடுப்பதேதான், நாய்க்கென்று தனியாக இல்லை. மாத்திரை உள்ளே போனதும் செவலைக்கு அகோரப் பசி. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தது, வீடெல்லாம் நனைத்து வைத்தது. துடைத்துத் துடைத்து எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனால் கட்டிகள் கரைந்தன. ஈறு கொஞ்சம் சிவந்தது. அவ்வப்போது டாக்டர் காதில் ரத்தம் எடுத்துப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். சாமியே வழி காட்டிவிட்டது என்று அத்தையே நாயைப் பிடித்துக்கொள்வார்.

ஒரு காலையில் நான் சாணி தெளித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏத்தா, செவலைக்கு மாத்திரை குடுத்தாச்சா?" கருமாதிக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. "இன்னும் இல்லத்த" என்றேன்.

மறுவருஷம் ஆவணியில் புரவியெடுப்பு. வேளார் சுட்ட மண் நாயை அத்தை தலையில் சுமந்து வந்தார். செவலை மெலிந்த உடம்போடு எங்கள் பின்னால் நடந்து வந்தது. மண் நாயை இறக்கி வைக்கும்போது பங்காளி ஒருவர், "நாய்க்குத்தான் முழுசாச் சொகமாகலையே, நேத்தி எதுக்கு?" என்றார்.

அத்தை நிமிர்ந்தார். "நாயிக்காக மட்டும் வைக்கல. என் மகனை இவ மருந்து வச்சுக் கொன்னுட்டான்னு ஒங்க எல்லார் முன்னாடியும் சொன்னேன்ல. அது பொய்யி. இவ ஒண்ணும் பண்ணல. எல்லாரும் கேட்டுக்கிருங்க" என்றார். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் போனபோது வராத அழுகை எனக்கு அன்றுதான் வந்தது.

செவலை அடுத்த தை வரைக்கும் இருந்தது. வயலோரம் இரண்டு பேரும் சேர்ந்தே குழி வெட்டிப் புதைத்தோம். அத்தை அதன் பிறகும் பல வருஷம் என் கையால்தான் சாப்பிட்டார்.

நோய் தீர்ந்தது, கடன் தீர்ந்தது என்று எல்லாரும் சாமியின் பெருமையைச் சொல்கிறீர்கள். எனக்கு நோய் தீரவில்லை. புருஷனும் திரும்பி வரவில்லை. என்ன என்று தெரிய வேண்டும் என்று கேட்டேன், அய்யனார் தெரியவைத்தார். அதற்கு மேலும் செய்தார். உங்களில் என்ன ஏதென்று புரியாமல் கிடந்து தவிக்கிறவர்கள் இருந்தால், அவர் முன்னால் போய் உட்காருங்கள். களைப்பாக இருந்தால் களைப்பாக இருக்கிறது என்றே சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்.