எந்த விரல் நகம்

சம்பூர்ணம் நகம் வெட்டினால் ஒரு துண்டைக்கூடத் தரையில் விடமாட்டாள். பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு போய், சாக்கடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவாள். நகம் அடுத்தவர் கையில் கிடைத்தால் செய்வினை வைத்துவிடுவார்கள் என்று பயம். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் அவள் பக்கத்தில் நின்று ஈரத் தோல் மடிக்கும் எனக்கு இது பல வருடங்களாகத் தெரியும்.

அவளிடம் போய் நகம் கேட்டாள் ரோஷினி. வேலூரில் ஆராய்ச்சி செய்கிற பெண். ஓயாமல் ஈரத்தில் கிடக்கும் கைகளில் ஈஸ்ட் என்ற கிருமி பிடித்து நகக்கண் வீங்கும். சம்பூர்ணத்துக்கு வலது கட்டை விரலில் சீழ் வைத்திருந்தது. கடை மருந்து எதுவும் கேட்கவில்லை.

"ரொட்டிக்குப் போடுறாங்களே ஈஸ்ட்டு, அதுக்குக் கெட்ட பங்காளி இது. இதோட ஜீனை ஒண்ணொண்ணா எடுத்துப் பார்ப்போம்கா. எது இல்லன்னா மருந்துக்குச் சாவுதுன்னு தெரிஞ்சிடும்" என்றாள் ரோஷினி.

"எடுக்கறேன்னு இன்னும் கெட்டதாக்கி எங்க மேலயே வுட்டா?" என்றாள் சம்பூர்ணம்.

ரோஷினி சிரித்தாள். நாங்கள் சிரிக்கவில்லை. காலையில் அவள் சூப்பர்வைசர் ஜெயசீலனோடு டீ குடித்ததைப் பார்த்திருந்தோம். எங்களோடு தோல் மடித்த ஜெயம்மாள் கைப்புண் என்று சொன்னபோது அவளை "ஆறினதும் வா" என்று அனுப்பியவர் அவர். ஆறிய பிறகும் அவளைக் கூப்பிடவில்லை. சம்பூர்ணம் வீட்டில் அவள் ஒருத்தி சம்பளம்தான்.

நகம் தரமாட்டேன் என்றாலும் ஜெயசீலனுக்குச் சந்தேகம் வரும். கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, நன்றாக இருந்த இடது சுண்டு விரலை நீட்டினாள். "இதான் வலிக்குது."

சில வாரம் கழித்து ரோஷினி வந்தாள். "உங்க நகத்துல ஒண்ணுமே வளரலக்கா. நல்லா இருக்கீங்க."

அன்று மதியம் சம்பூர்ணத்தால் சோறு பிசைய முடியவில்லை. ஸ்பூனில் சாப்பிட்டாள். தோல் கையிலிருந்து நழுவியபோது ஜெயசீலன் திரும்பிப் பார்த்தார்.

சாயந்தரம் பஸ் ஸ்டாப்பில் ரோஷினியை மடக்கினாள்.

"ஜெயசீலன் இன்னா, உன் தோஸ்தா?"

"அய்யோ, அவர் சொன்னாத்தானேக்கா உள்ளயே வுடுறாங்க."

"என் பேர சொல்வியா?"

"நம்பர்தான் போகும். பேரு போகாது."

"அவன் கேட்டா?"

"சொல்ல மாட்டேன்."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்றாங்க" என்றாள் சம்பூர்ணம். பிறகு மடக்கியிருந்த கட்டை விரலை விரித்தாள். "தேவையானத எடு. மீதிய என் கையில குடு."

அந்த ஈஸ்ட் வேலூரில் நன்றாக வளர்ந்ததாம். ஒரு ஜீனை எடுத்தபின் பழைய மருந்துக்கே செத்ததாம். ஆனால் அதிலிருந்து மருந்து வரப் பல வருடம் ஆகும் என்கிறாள் ரோஷினி. சம்பூர்ணத்தின் வீக்கம் வடிந்தது ரோஷினி காட்டிய டாக்டர் கொடுத்த வேறு மாத்திரையால். கையுறை போடச் சொன்னார். ஏன் என்று கேட்பார்கள் என்று சம்பூர்ணம் போடுவதில்லை. நகம் பாதிதான் வளர்ந்திருக்கிறது. இன்றும் என் பக்கத்தில் நின்றுதான் தோல் மடிக்கிறாள். ஜெயசீலனுக்கு இதுவரை தெரியாது என்று நினைக்கிறோம்.