இடையில் விழுந்த கைதட்டல்

பஸ் ஓட்டுநர் பரமேஸ்வரனுக்குப் பாராட்டை அடக்கிவைக்கத் தெரியாது. ஆர்ச்வேயிலுள்ள முருகன் கோயிலில் தவில் சூடுபிடித்தால் முதலில் தட்டுவது அவர் கைதான். அதனால் மனைவி தர்ஷினி, தான் வயலின் வாசிக்கும் மேற்கத்திய இசைக் கச்சேரிக்குப் புறப்படும்போதே அவரை எச்சரித்திருந்தாள்.

"வாசிச்சு முடியுமட்டும் கை தட்டக்கூடாது. விளங்குதோ?"

"ஓம், ஓம்."

அன்று வாசித்தது, தந்தி வாத்தியங்களின் திறமையைக் காட்டவென்றே ஓர் ஆங்கிலேயர் எழுதிய இசை. அந்த ஆங்கிலேயரும் முன்வரிசையில் இருந்தார். நடுவே வயலின்கள் ஒன்றையொன்று துரத்தத் தொடங்கின. தர்ஷினியின் வரிசை பாய்ந்துவந்து மற்றதை எட்டிப் பிடித்ததும், பரமேஸ்வரனின் கைகள் அவரைக் கேட்காமலே தட்டிவிட்டன. மண்டபமே திரும்பி முறைத்தது. எழுதியவர் மட்டும் சிரித்தார்.

காரில் ஏறியதும் தர்ஷினி வெடித்தாள். "மானம் போச்சு! கடைசியில தட்ட ஏலாதோ?"

"நல்ல கறியெண்டால் வாயில வைக்கேக்கையே சொல்லோணும். கை கழுவினாப் பிறகோ சொல்லுறது?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும் இறங்கவில்லை.

"நாங்கள் துரத்திப் பிடிச்ச இடம்," என்றாள் மெதுவாக, "உண்மையாவே நல்லா இருந்ததோ?"