மாமாவின் படம் பூசானுக்குப் போனது

என் மாமா இலங்கையை விட்டு வெளியே காலடி வைத்தவர் அல்ல. கொழும்பைக்கூட ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். ஆனால் அவருடைய படம் கொரியாவுக்குப் பறந்து, பூசான் நகரத்தின் நடுக் கடைத்தெருவில் சில நாட்கள் நின்றுவிட்டுத் திரும்பி வந்தது. வீட்டில் யாரையும் கேட்காமல் அதை அனுப்பி வைத்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. வன்னியில் இருந்தார். நான் அவரை நேரே கண்டதில்லை. நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் கனடாவில், ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் கட்டிடத்தின் பதினோராவது தளத்தில். எனக்கு மாமா என்றால் தொலைபேசியில் வரும் ஒரு குரல், அதோடு ஒரு படம். அந்தக் குரல் எப்போதும் ஒரே கேள்வியைத்தான் கேட்கும். "அங்கை இப்ப பனியோ?" ஆடி மாதத்தில் நாங்கள் வேர்த்து வடிந்துகொண்டிருக்கும்போதும் அதே கேள்வி. அவர் மனம் நோகக் கூடாதென்று நானும் ஓம், நல்ல பனி என்பேன். படம், சமாதான காலத்தில் கிளிநொச்சி ஸ்டூடியோ ஒன்றில் எடுத்தது. மனிதர் புதுச் சைக்கிளை ஸ்டூடியோவுக்குள்ளேயே உருட்டிக்கொண்டு போய், அதில் கை வைத்தபடி நிற்பார். ஊரிலிருந்த மற்றப் படங்கள் எல்லாம் இடம்பெயர்வுகளில் போய்விட்டன. மிஞ்சியது இது ஒன்றுதான். தொலைபேசி இலக்கங்கள் எழுதும் கொப்பிக்குள் அம்மா அதை வைத்திருந்தார். இலக்கத்தை அழுத்தும்போதே ஒரு தரம் பார்த்துக்கொள்வார்.

ஊருக்குக் கதைக்க ரெலிபோன் கார்ட் வேண்டும். எங்கள் கட்டிடத்துக்கு முன்னால் இருந்த சின்னக் கடையில் அது கிடைக்கும். கடைக்காரி ஒரு கொரியப் பெண். அறுபதைத் தாண்டியவர், எப்போதும் பின்னல் சட்டை போட்டிருப்பார். கட்டிடத்துத் தமிழர் எல்லாருக்கும் அவர் கொரியன் அன்ரி. வன்னியில் சண்டை இறுகிய மாதங்களில் அம்மா என்னை ஒவ்வொரு பின்னேரமும் கார்ட் வாங்க அனுப்பினார். லைன் கிடைப்பதே இல்லை. இந்தக் கார்ட் சரியில்லை, வேறு கொம்பனிக் கார்ட் வாங்கி வா என்பார். ஒருநாள் அன்ரி கார்ட்டை எடுத்துத் தராமல், நேற்று வாங்கியது வேலை செய்யவில்லையா என்று கேட்டார். கார்ட் வேலை செய்கிறது, மாமாதான் எடுக்கிறாரில்லை என்று சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் அன்ரி என்னோடு கதைக்கத் தொடங்கினார். கல்லாவுக்குப் பின்னால் சட்டம் போட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்கியது. ஒரு தெரு. இரண்டு பக்கமும் கடைகள், ஒன்றன்மேல் ஒன்றாகப் பெயர்ப்பலகைகள், நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு சனம். அது பூசானில் நம்போடொங் என்ற இடமாம். துறைமுகம், நகரசபை, சினிமாக் கொட்டகைகள், பெரிய சந்தை எல்லாம் அந்த ஒரு இடத்தைச் சுற்றித்தான். பூசானில் இருக்கிற எவரும் ஒருநாளில்லாவிட்டால் ஒருநாள் அந்தத் தெருவால் நடந்தே ஆக வேண்டுமாம்.

மிச்சத்தை அவர் துண்டு துண்டாகத்தான் சொன்னார். இடையில் யாராவது லொத்தர் ரிக்கெற்றுக்கு வந்துவிடுவார்கள். அவருக்கு ஐந்து வயதாக இருந்தபோது அங்கேயும் ஒரு யுத்தம். வடக்கிலிருந்து தாயோடு கப்பலில் தப்பி வந்தார்கள். ஏறும் துறையில், சன நெரிசலில், பதினொரு வயதுத் தமையனின் கை நழுவிவிட்டது. அந்தக் காலத்தில் ஓடிப்போகிற கொரியர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி வைத்தது ஒன்றுதானாம்: பிரிந்துபோனால் பூசான் பாலத்தடியில் சந்திப்போம். பாலம் அந்தக் கடைத்தெருவின் முனையில் இருந்தது. காணாமற்போனவர்களின் பெயர்களை எழுதிக் கடதாசி கடதாசியாகப் பாலத்துக் கம்பிகளில் கட்டி வைப்பார்களாம். தாய் கொஞ்சக் காலம் பாலத்தடியில் நின்று பார்த்தார். பிறகு நம்போடொங்கிலேயே கை நீட்டினால் இரண்டு சுவரும் முட்டுகிற அளவில் ஒரு கடை எடுத்து, சட்டைக்குத் தைக்கிற தெறியும் நூலும் விற்கத் தொடங்கினார். கடைக்கு மகனின் பெயரை வைத்து, தூரத்திலிருந்தும் வாசிக்கக்கூடியதாகப் பெரிய எழுத்தில் பலகை மாட்டினார். வேறு தெருவில் இதைவிடப் பெரிய கடை வந்தபோதும் அவர் போகவில்லையாம். மகன் அந்தத் தெருவால் வருவான், பலகையை வாசிப்பான் என்று இருந்தாராம்.

தமையன் வந்தாரா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் மண்டை வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. யுத்தத்தில் தொலைந்தவர்கள் வந்துசேர உலகத்தில் ஒரு தெரு இருக்கிறது. வகுப்பறையின் உலகப் படத்தில் பார்த்தேன். இலங்கைக்கும் கொரியாவுக்கும் இடையில் என்னுடைய ஒரு விரல் நீளம்தான். கனடாவோ சுவரின் மற்ற மூலையில் இருந்தது. தப்பி ஓடுகிற மனிதர் கிட்ட இருக்கிற இடத்துக்குத்தானே போவார்.

மே மாதத்தில் சண்டை முடிந்தது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியை என்னைத் தனியே கூப்பிட்டு, உங்கள் நாட்டில் யுத்தம் முடிந்துவிட்டதாமே, வீட்டில் எல்லாருக்கும் நிம்மதியாக இருக்கும் என்று தோளில் தட்டினார். நான் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வீடு செத்தவீடு மாதிரி இருந்தது. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு அப்பா அதன் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். அம்மா தொலைபேசிக் கொப்பியைத் திறக்கவே இல்லை. அந்தக் கிழமை முழுக்க என்னை யாரும் கார்ட் வாங்க அனுப்பவில்லை.

நானாகவே கடைக்குப் போனேன். அன்ரி, தாயின் நினைவு நாளுக்காக மூன்று கிழமை பூசானுக்குப் போவதாகச் சொன்னார். மேலே ஓடிப்போய்க் கொப்பிக்குள்ளிருந்து படத்தை எடுத்தேன். ஒரு கடதாசியில் ஆங்கிலத்தில், இவர் என் மாமா, இந்தச் சைக்கிளும் இவருடையதுதான், கண்டால் எங்களுக்குப் போன் எடுக்கவும் என்று எழுதி, இலக்கத்தையும் போட்டு, இரண்டையும் உறைக்குள் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்ரி படத்தை நெடுநேரம் பார்த்தார். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும், அம்மாதான் தந்துவிட்டார் என்றேன். பொய் சொல்லும்போது கண்ணை நேரே பார்க்க வேண்டும் என்கிற கலை எனக்கு அந்த வயதிலேயே கைவந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை அப்பா ஒரு விண்ணப்பத்தோடு வந்தார். காணாமற்போனவர்களைத் தேடுகிற ஓர் அமைப்பு விவரம் சேர்க்கிறதாம். மறுநாள் பின்னேரத்துக்குள் கொடுக்க வேண்டும், படம் கட்டாயம். அம்மா கொப்பியைத் திறந்தார். பிறகு உதறினார். பிறகு அலுமாரி, சாமித் தட்டு, மெத்தைக்கு அடி, குப்பைக் கூடை. நானும் கூடச் சேர்ந்து தேடினேன். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அம்மா என் பழைய சப்பாத்துப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடத் தொடங்கியபோதுதான் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அப்பா கை ஓங்கினார். அம்மா அவரைத் தடுக்கவுமில்லை, என்னை ஏசவுமில்லை. கவிழ்த்த பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் அப்படியே இருந்துவிட்டார். அதைப் பார்த்து அப்பாவின் கை தானாகக் கீழே இறங்கியது. அவர் உடனே கடைக்கு ஓடினார். கடையில் அன்ரியின் கணவர் மட்டும்தான் நின்றாராம். அன்ரி பறந்து நான்கு நாளாகிவிட்டது.

மறுநாள் படமில்லாமலே விண்ணப்பத்தை நிரப்பினோம். உருவ அடையாளங்களை எழுதுங்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. புருவத்தில் தழும்பு என்று அம்மா சொன்னார். எந்தப் புருவம் என்று அப்பா கேட்டபோது அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. தூக்கி வளர்த்த தம்பி. கையைத் தன் இடது புருவத்தில் வைத்தார், பிறகு வலதில் வைத்தார், பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். வலது என்று நான் சொன்னேன். மாமாவை ஒருநாளும் காணாத எனக்கு அந்தப் படம் மனப்பாடம். அப்பா எழுதினார். அந்த விண்ணப்பத்துக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

மூன்று கிழமை கழித்து, ஒரு ஞாயிறு காலை, எங்கள் கதவு தட்டப்பட்டது. கொரியன் அன்ரி, கையில் ஒரு பையோடு நின்றார். நாள் தவறாமல் நான் அவருடைய கடைக்குப் போய்வந்திருக்கிறேன். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வந்ததும் உறையை எடுத்து இரண்டு கைகளாலும் அம்மாவிடம் நீட்டினார். உள்ளே மாமாவின் படம், ஒரு கசங்கல் இல்லாமல் இருந்தது. அம்மா அதை வாங்கி முதலில் அந்தப் புருவத்தைத்தான் பார்த்தார்.

எங்கள் வீட்டில் மொழிபெயர்ப்பு என்னுடைய வேலை. அம்மா பாண் சுடும் தொழிற்சாலையில் தமிழ்ப் பெண்களோடு வேலை செய்தார். அங்கே ஆங்கிலம் தேவைப்படவில்லை. டொக்டர், வங்கி, பள்ளிக்கூடம் எங்கே போனாலும் நான்தான் நடுவில் நிற்பேன். வகுப்பில் நான் ஓயாமல் கதைக்கிறேன் என்று ஆசிரியை முறையிட்டதை, பிள்ளை நன்றாகக் கதைக்கிறாள் என்று நான் பெயர்த்துச் சொன்னதும் உண்டு. அன்றும் இருவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அன்ரி சின்னக் கமராவில் படங்களைக் காட்டினார். பாலத்தில் திருத்த வேலை நடக்கிறதாம், தகரம் அடித்து மறைத்திருந்தார்களாம். அதனால் தாயின் கடை இருந்த இடத்துக்குப் போயிருக்கிறார். அந்தத் தெரு இப்போது எங்கள் மோல்களைவிடப் பகட்டாக இருந்தது. வெளிச்சம், இசை, முகப்பூச்சு விற்கும் பெண்கள், வழியில் நின்று ஏதோ இனிப்பு ரொட்டி தின்னும் பிள்ளைகள். தெறிக்கடை இருந்த இடத்தில் சப்பாத்துக் கடை. அங்கே வேலைக்கு நின்ற பெண்ணிடம் இது முந்தி யாருடைய கடை இருந்த இடம் என்று சொல்லி, மாமாவின் படத்தைப் பிரதி எடுத்துக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார். கீழே கொரிய எழுத்தில் மாமா, இலங்கை என்று எழுதியிருந்ததாம். என் கடிதத்தில் மாமா என்பதைத் தவிர வேறு பெயர் இருக்கவில்லையே. விலை ஒட்டிய ஓட்டச் சப்பாத்துகளுக்கு நடுவில் மாமா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு சனம்," என்றார் அம்மா. பிறகு, ஆராவது நின்று பாத்தவையோ என்று கேட்கச் சொன்னார். இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்று வாசித்தார்கள் என்று அன்ரி சொன்னார். நான்கு பின்னேரம் தானும் அங்கேயே நின்றாராம். தாய் நின்ற இடம் என்றபடியால் தனக்குக் கால் நோகவில்லையாம். அதையும் அப்படியே சொன்னேன்.

அம்மா எழும்பிப் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். எங்கள் சமையலறைக்குக் கதவு இல்லை. நாங்கள் இருந்த இடத்திலிருந்து அவருடைய முதுகு தெரியும். தேயிலையைப் போட்டுவிட்டு, திரும்பாமலே சொன்னார்:

"பிள்ளை, அவவின்ரை தமையன் பிறகு வந்தவரோ எண்டு கேள்."

கேட்டேன். அன்ரி என்னைப் பார்க்காமல் கமராவை மூடினார். "நோ," என்றார். தாய் முப்பத்து நான்கு வருடம் அந்தக் கடையில் இருந்தாராம். கடையில் வைத்தே உயிர் போனதாம். கடைசிவரை மகன் வரவில்லையாம்.

அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொதித்த கேத்திலைத் தூக்கியவர் ஊற்றாமல் நின்றார். நான் பெயர்த்துச் சொல்லும்வரை அந்தத் தண்ணீர் கோப்பையில் விழாது என்று எனக்குப் பட்டது.

"ஓம், வந்தவராம்," என்றேன்.

அம்மா தண்ணீரை ஊற்றினார். "எத்தினை வருசத்தாலை?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கேட்காமல் பதில் சொன்னால் பிடிபட்டுவிடுவேன். அன்ரியிடம் திரும்பி ஏதாவது கேட்டே ஆக வேண்டும். தேநீருக்கு எத்தனை கரண்டி சீனி போட வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். இரண்டு என்றார் அன்ரி.

"ரெண்டு வருசத்தாலையாம்."

"நல்லது," என்றார் அம்மா.

எங்கள் வீட்டுத் தேநீர் ஒரே அளவுதான். யார் வந்தாலும், நீரிழிவுக்காரரே வந்தாலும், அம்மா கேட்காமல் மூன்று கரண்டி போட்டுக் கலக்குவார். அன்று இரண்டு போட்டார். மூன்றாவதுக்குப் போன கரண்டியைத் திரும்பச் சீனி டப்பாவுக்குள் விட்டு மூடினார். தேநீரைக் கொண்டுவந்து அன்ரியின் கையில் கொடுத்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் இருந்து அவருடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டார். தமையன் திரும்பிவந்த ஒருவரின் கையை அம்மா ஏன் அப்படி இறுக்கிப் பிடித்தார் என்று நான் யோசிக்கவில்லை. இருவரும் அழுதார்கள். சந்தோசத்தில் அழுகிறார்கள் என்றே நினைத்தேன்.

பின்னேரம் அப்பா வேலையால் வந்ததும், கொரியன் அன்ரியின் தமையன் இரண்டு வருசத்தால் வந்து சேர்ந்தவராம் என்று அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே அவரிடம் சொன்னார். அப்பா, அப்படியோ என்றார். என் பொய் பலித்துவிட்டது, அம்மாவை நான் தேற்றிவிட்டேன் என்ற பெருமையில் நான் அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன். அந்தச் சீனிக் கணக்கை நான் அம்மாவுக்குப் பெயர்த்துச் சொல்லவே இல்லை என்பது எனக்கு உறைக்கப் பல வருடங்கள் பிடித்தன.