இழுத்துக் கட்டிய நூல்

தரைக்கு டைல்ஸ் பதிக்கும் அந்த மனிதரை எல்லோரும் நூல் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை நூலை இழுத்துக் கட்டுவார். முழங்காலிட்டுக் குனிந்து, இடது கண்ணை மூடி, வலது கண்ணால் வரிசையைப் பார்ப்பார். ஒரு டைல் மயிரிழை தள்ளியிருந்தாலும் கரண்டி நுனியால் அதைத் தட்டுவார். வாயைத் திறக்க மாட்டார். தட்டிய டைலைப் பெயர்த்து மறுபடி வைப்பது அவருடைய மச்சானின் வேலை. மனைவியின் தம்பி அவன். மனைவி இறந்து பல வருடங்கள் ஆகியும் இருவரும் சேர்ந்தே வேலைக்குப் போனார்கள். மேஸ்திரிக்குப் பிள்ளைகள் இல்லை. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு ஆள்தான்.

நான் போனபோது அந்த ஆள் இல்லை.

நோயாளிகளை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வது என் தொழில். அதற்கென்று பயிற்சி எடுத்தவள். கண் ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லிவிட்டார்கள்: "கூட யாருமில்லாதவர். ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வாரம் குப்புறவே இருக்கணும். கொஞ்சம் பிடிவாதம். நீங்க போனாத்தான் சரிப்படும்." இதில் என்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று நான் யோசிக்கவில்லை.

மேசை விளிம்பில் நெற்றியை வைக்க ஒரு சுருட்டிய துண்டு, கட்டிலின் தலைமாட்டில் முகத்துக்கு இடம் விட்டு இரண்டு தலையணை, குடிப்பதற்கு வளைகிற உறிஞ்சுகுழல். முதல் வேலையாக இவற்றைச் சரிசெய்தேன். சாப்பிடும்போதும் நடக்கும்போதும் தாடை நெஞ்சைத் தொட வேண்டும், மல்லாந்து படுக்கவே கூடாது என்று சொன்னேன்.

"தரையப் பாத்துக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான அக்கா? அதான் நாப்பது வருஷமா செய்யிறேன்" என்றார்.

"அப்ப கூலி கிடைச்சுது. இப்ப சும்மா பாக்கணும். கஷ்டம்."

கஷ்டமாகத்தான் இருந்தது. கழுத்து மரத்துப் போகும், முகம் வீங்கும், மூக்கு ஒழுகும். கழுத்தையும் தோளையும் பிடித்துவிடுவேன், வேளை தவறாமல் சொட்டு மருந்து விடுவேன். இவை என் கைக்குப் பழகிய வேலைகள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நாள் முழுக்க இருப்பதற்குத்தான் என்னிடம் மருந்து இல்லை. அவருக்கு என் கால்கள் மட்டும் தெரியும். "இன்னிக்கு செருப்பு மாத்திட்டீங்க" என்பார். அவருடைய பின்மண்டையோடுதான் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால்தானோ என்னவோ, நடந்ததை அவர் என்னிடம் சொன்னார்.

ஒரு பெரிய வீட்டின் ஹாலில் வேலை. மச்சான் ஒரு வரிசை வைத்து முடித்திருந்தான். மேஸ்திரி குனிந்து பார்த்தார். வரிசை நடுவில் வயிறு தள்ளி நின்றது. தட்டினார். மச்சான் பெயர்த்து வைத்தான். மறுபடி பார்த்தார், மறுபடி அதே வயிறு. மூன்றாம் தடவை மச்சான் புது நூல் எடுத்து இரண்டு ஆணிகளுக்கு நடுவில் விண்ணென்று கட்டி, "இப்ப பாருங்க மாமா" என்றான்.

மேஸ்திரி பார்த்தார். வீட்டுக்கார அம்மா, எலக்ட்ரீஷியன் எல்லோரும் நின்றிருந்தார்கள்.

"நூலே கோணலா கட்டியிருக்க" என்றார்.

டைல் கோணலாக இருக்கலாம். சுவர் கோணலாக இருக்கலாம். இழுத்துக் கட்டிய நூல் எப்படிக் கோணலாக இருக்கும்? அந்தத் தொழிலில் வேறு யார் இப்படிச் சொல்லியிருந்தாலும் மேஸ்திரியே விழுந்து விழுந்து சிரித்திருப்பார். எலக்ட்ரீஷியன் சிரித்தான். மச்சான் சிரிக்கவில்லை. கையைக் கழுவினான்.

"நூல் கோணல்னு சொல்ற ஆளோட எனக்கு வேலை இல்ல மாமா. அக்கா இருந்திருந்தா இத உங்களுக்கு அவளே சொல்லியிருப்பா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது கதவு நிலையும் நடுவில் வளைந்திருப்பதைப் பார்த்தார். வலது கண்ணை மூடினார், நிலை நிமிர்ந்தது. இடது கண்ணை மூடினார், வளைந்தது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தால் மூக்கு இருந்த இடத்தில் மூக்கு இல்லை.

"அப்பவே தெரிஞ்சிருச்சு, அவன் மேல தப்பில்லன்னு" என்றார்.

"போன் பண்ணீங்களா?"

"இல்ல."

முதலில் கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பவரை மாற்றினார். மாற்றிய கண்ணாடியிலும் மூக்கு வரவில்லை. கல் சில்லு ஏதோ தெறித்திருக்கும் என்று நினைத்துக் கொஞ்ச நாள் தண்ணீர் விட்டுக் கழுவினார். கடைசியில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டம் போட்ட தாளைக் காட்டினார்கள். நடுப்புள்ளியைச் சுற்றிக் கட்டங்கள் எல்லாம் உள்ளே சுருங்கிக் கிடந்தன. விழித்திரையின் நடுவில், கூர்ந்து பார்க்கிற இடத்தில், சின்னதாக ஓர் ஓட்டை என்றார் டாக்டர். அடிபட்டதால் வந்ததில்லை, கண்ணுக்குள் இருக்கும் கூழ் வயதாகும்போது சுருங்கும், சிலருக்கு விழித்திரையையும் சேர்த்துப் பிடித்து இழுத்துவிடும் என்று விளக்கினார்.

"ஓட்டைன்னா அடைச்சிரலாம்ல டாக்டர்?"

"அடைக்கலாம். அந்தக் கூழை எடுத்துட்டு உள்ள வாயு நிரப்புவோம். அது மிதந்து மேல போற சாமான். நீங்க குப்புற இருந்தாத்தான் பின்னால இருக்கிற ஓட்டையப் போய் அமுக்கும். சீக்கிரம் செஞ்சா மூடுறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா பழைய பார்வை முழுசா வரும்னு எழுதிக் கொடுக்க மாட்டேன்."

"பசை காயிற வரைக்கும் மேல மிதிக்கக் கூடாது. அதானே?"

"அதேதான்."

கூட யார் வருவார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மச்சான் என்று சொல்லிப் பழகிய வாயை அடக்கிக்கொண்டு, யாரும் இல்லை என்றிருக்கிறார்.

அவருடைய அறைத் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலை நடந்த வீடுகளில் மிஞ்சிய டைல்களைக் கொண்டுவந்து ஒட்டியிருந்தார்கள். ஒன்று மாதிரி ஒன்று இல்லை. குப்புறக் கிடந்தபடி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவார். "இது பல் டாக்டர் வீடு. இந்தப் பச்சை, ஒரு கல்யாண மண்டபத்துப் பாத்ரூம். இந்த மூலை உடைஞ்சது இருக்கு பாருங்க, அவன் கீழ போட்டது. என் பொண்டாட்டி திட்டிட்டே ஒட்டச் சொன்னா." சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போகும். நான் போய்ப் பாத்திரம் கழுவுவேன்.

கட்டுப் பிரித்த பிறகு வலது கண்ணில் என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

"ஒரு குமிழி ஆடுது அக்கா. கண்ணுக்குள்ள ரசமட்டத்தத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு." ரசமட்டம் என்பது தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கிற, குமிழி ஓடும் கருவி.

"மட்டம் சரியா இருக்கா?"

"எங்க நிக்குது? மூச்சு விட்டா ஓடுது."

ஒரு பிற்பகல், நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. இரண்டு தடவை இருமிவிட்டு அணைகிற வண்டி. நான் உள்ளே வருவதற்குள் மேஸ்திரி எழுந்து, தலையை நிமிர்த்திக்கொண்டு கதவருகே நின்றிருந்தார். வெளியே தண்ணீர் கேன் போடுகிறவன். "மாடி வீட்டுக்கு, சார்" என்றான்.

நான் அவர் பின்மண்டையில் கை வைத்துத் தலையைக் கீழே அழுத்தினேன். மெதுவாக அழுத்தினேன் என்று சொல்ல முடியாது.

"யாருன்னு நெனச்சீங்க?"

"அவன் வண்டியும் இப்படித்தான் இருமும்."

"அவரே வந்திருந்தாலும் நீங்க நிமிரக் கூடாது. அவரக் குனியச் சொல்லணும்."

படுத்தபிறகு கேட்டார். "கெடுத்துட்டனா அக்கா?"

"தெரியாது. ஸ்கேன்லதான் தெரியும்."

ஒன்றும் ஆகியிருக்காது என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாததை நான் சொல்வதில்லை. அன்றைக்குப் பிறகு எந்த வண்டிச் சத்தத்துக்கும் அவர் தலை அசையவில்லை. வண்டிகள் நிறைய வந்தன.

வாரம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, "மூடிடுச்சு" என்றார் டாக்டர். மேஸ்திரி தலை குனிந்தே உட்கார்ந்திருந்தார். "இனிமே நிமிரலாம்" என்று அவரிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

என் வேலை அத்தோடு முடிந்தது. ஆனால் வாயு கரைந்து, குமிழி கடைசிப் பொட்டாகி மறைந்து, சில மாதங்கள் போனபிறகு என்னைக் கூப்பிட்டார். அந்தப் பெரிய வீட்டு ஹாலுக்குக் கூட வர முடியுமா என்று கேட்டார். வலது கண்ணில் இப்போது மூக்கு தெரிந்தது.

வீட்டுக்கார அம்மா எங்களை உள்ளே விட்டார். "உங்க மச்சானே ஆள் வச்சு முடிச்சுக் கொடுத்துட்டார்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனார்.

மேஸ்திரி பையிலிருந்து நூலை எடுத்தார். "அந்த மூலைல கொஞ்சம் பிடிங்க அக்கா. டைல் விளிம்போட ஒட்டி." பிடித்தேன். "இன்னும் இழுங்க." இழுத்தேன். அவர் மறுமுனையின்மேல் முழங்காலிட்டு இடது கண்ணை மூடினார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார்.

"கொஞ்சம் வளைவு இருக்கு. முன்ன மாதிரி இல்ல, ஆனா இருக்கு."

பிறகு வலது கண்ணை மூடினார். அந்தக் கண்ணை மூடி அவருக்குப் பழக்கமில்லை. கையால் பொத்திக்கொண்டார். நூலும் வரிசையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடப்பதை, மச்சான் வைத்த அதே வரிசையை, அப்போதுதான் பார்த்தார்.

குப்புறக் கிடந்த வாரத்தில் பழகியபடி போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். நெடுநேரம் அடித்தபிறகு எடுத்தான். பின்னால் டைல் அறுக்கிற மெஷின் சத்தம்.

"நான்தான்."

"ம்."

"அந்த ஹால்ல நூல் பிடிச்சுப் பாத்துட்டிருக்கேன். நூல் நேராத்தான் இருந்துச்சு மச்சான். என் கண்ணுலதான் ஓட்டை."

மெஷின் நின்றது.

"ஆபரேஷன்னு கேள்விப்பட்டேன்."

"மூடிருச்சு. ஆனா இனிமே இடது கண்ணாலதான் பாக்கணும். பழகணும்."

"இப்ப நூல அந்தப் பக்கம் யாரு பிடிச்சிருக்கா?"

"பாத்துக்க வந்த அக்கா."

"அவங்களுக்குப் பிடிக்கத் தெரியுமா? தொய்வா இருக்கும்."

மேஸ்திரி நூலை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"வேலையில இருக்கேன் மாமா" என்றான் மச்சான். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது, பிறகு இணைப்பு அறுந்தது.

நான் இரண்டு கையாலும்தான் பிடித்திருந்தேன். தொய்வு இல்லை. மேஸ்திரி போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தன் பக்கத்திலிருந்து நூலைச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றிக்கொண்டே அவர் என் கைவரை வந்ததும் நூலை விட்டேன்.