அம்மா கூப்பிட்ட சாட்சிகள்

அன்றைக்கு மத்தியானம் எங்கள் வீட்டில் டிவி முன்னால் இருந்தவர்கள் இவர்கள்தான்: அம்மா, அப்பா, நான், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிறவர் என்பதால் தெருவே 'சொல்தா' என்று கூப்பிட்ட பின்வீட்டுப் பெரியவர், அவர் மனைவி, மாடியிலிருந்து இறங்கி வந்த வீட்டுக்காரம்மா, எதிர்வீட்டு செல்வி அக்கா, அவள் இடுப்பில் கைக்குழந்தை, மில்லில் அப்பாவோடு தறி ஓட்டிய கோதண்டம் மாமா. குழந்தையையும் சேர்த்தால் ஒன்பது பேர். பஸ்ஸில் போகும்போதும் சரி, தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போதும் சரி, யாரையாவது விட்டுவிட்டேனோ என்ற பயத்தில் இந்தக் கணக்கை விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருப்பேன். இதுவரை கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை.

அறை முழுக்கப் பன்னீர் சோடாவின் ரோஜா வாசனை. எட்டு எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றி, தட்டில் அடுக்கி, டிவிக்குப் பக்கத்தில் அம்மா வைத்திருந்தாள். நிகழ்ச்சி முடிந்ததும் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. நாங்கள் டிவியில் வரப்போகிறோம் என்று சொல்லித்தான் அத்தனை பேரையும் அவளே வீடு வீடாகப் போய் அழைத்து வந்திருந்தாள். ஆனால் வேடிக்கை பார்க்க அழைக்கவில்லை, சாட்சிக்கு அழைத்தாள்.

எங்கள் பக்கத்தில் கொடுக்கல் வாங்கல் தகராறு என்றால் நாலு பேரை உட்காரவைத்துத்தான் பேசித் தீர்ப்பார்கள். பேச்சு முடிந்ததும் பணம் கொடுத்தவர் அந்த நாலு பேரையும் பார்த்து, "கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்பார். அவர்கள் "கேட்டுக்கிட்டோம்" என்று சொல்லிவிட்டால் அதுதான் பத்திரம், அதுதான் முத்திரை. அந்த ஒரு கேள்வியைக் கேட்கத்தான் அம்மா குளித்து, தலைக்குப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விஷயம் இதுதான். மில்லை மூடியபோது அப்பாவுக்கு வந்த 'செட்டில்மெண்ட்' பணத்திலிருந்து ஒரு லட்சத்தை, நோணாங்குப்பத்தில் இருந்த, அம்மா 'மாமா' என்று கூப்பிடுகிற என் பெரியப்பா லோடு ஆட்டோ வாங்கக் கேட்டார். அப்பா கொடுக்கச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அப்போது ஒரு ஏ.டி.எம். வாசலில் செக்யூரிட்டியாக இருந்தார். பதினொரு மணிக்குப் பெரியப்பா வந்தார், அம்மா பீரோவிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அண்ணன் தம்பிக்குள் எழுத்தென்ன கையெழுத்தென்ன என்று யாரும் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. ஆட்டோ வந்தது. எங்கள் உப்பளம் பக்கம் லோடு ஏற்ற வரும்போதெல்லாம் பெரியப்பா எங்கள் வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டுப் போவார், எனக்குக் கடலைமிட்டாய் கொண்டு வருவார். இரண்டு வருஷத்தில் பதினைந்தாயிரம் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு மிட்டாய் மட்டும்தான் வந்தது.

அந்த நாட்களில் மத்தியானமானால் எங்கள் தெருவில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் ஒரே அழுகுரல் கேட்கும். புருஷன் பெண்டாட்டி சண்டை, மாமியார் மருமகள் சண்டை, ஓடிப்போன பிள்ளை, ஏமாற்றின காதலன் என்று தினம் ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்து விசாரிக்கிற அந்த நிகழ்ச்சியை, இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வருகிற அம்மா சோற்றுத்தட்டோடு உட்கார்ந்து பார்ப்பாள். நடத்துகிற மேடம் ஆம்பிளைகளை அதட்டும்போதெல்லாம், "எப்படிக் கேட்டா பாரு, நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி" என்பாள். போலீசுக்குப் போனால் குடும்பமானம் போகும், கோர்ட்டுக்குப் போகக் காசில்லை, இந்த மேடம் கேட்டால் மாமா தட்டமாட்டார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. திரையின் கீழே ஓடிய போன் நம்பரைக் கணக்கு நோட்டின் பின்னட்டையில் எழுதிக்கொடுத்தது நான்தான். எனக்கு அப்போது பதினான்கு வயது. வேகமாக எழுதுகிற பிள்ளை என்று வகுப்பில் பேர் வாங்கியவள்.

சென்னையிலிருந்து வேனே வந்தது. பெரியப்பாவும் வந்தார், டிவியில் முகம் வரும் என்றதும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஸ்டுடியோவில் ஏ.சி. குளிரில் பல் கிட்டியது. உள்ளே விடுவதற்கு முன் ஒரு பெண் வந்து, நாலைந்து தாள்களில் அம்மாவிடமும் அப்பாவிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "அழுகை வந்தா அடக்காதீங்கம்மா, அதான் நல்லாருக்கும்" என்றாள். அடிபட்டவனிடம் ரத்தத்தைத் துடைக்காதே என்று சொல்கிற வாய் அது என்று எனக்கு இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அவள் கொடுத்த பிஸ்கெட்டைத் தின்றேன்.

விசாரணை மூன்று மணி நேரம் நடந்தது. பணத்தைப் பற்றிக் கேட்டார்கள், பணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றியும் கேட்டார்கள். ஆனால் கடைசியில், பெரியப்பா எழுந்து நின்று கைகூப்பி, "மூணு மாசத்துல பாக்கி எண்பத்தஞ்சாயிரத்தயும் குடுத்துடறேன் மேடம்" என்று சொன்னார். இதை நான் என் இரண்டு காதால் கேட்டேன். கூட்டம் கைதட்டியது. மேடம் அம்மாவைக் கட்டிப்பிடித்தார். திரும்பி வரும்போது வேனில் அம்மா, "ஊரே பாக்கப் போவுது, இனிமே மாமாவால மறுக்க முடியாது" என்று நாலு தடவையாவது சொல்லியிருப்பாள்.

அன்றைக்கு மத்தியானம் டிவியில் முதலில் வந்தது தலைப்பு: 'கணவர் வேலைக்குப் போன பிறகு...' அந்த மூன்று புள்ளிகளையும் பார்த்தபோது வீட்டுக்காரம்மா நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அம்மா பணம் கொடுத்ததை, பணம் இல்லாமல் காட்டினார்கள். "அவர் வந்தாரு. வீட்டுக்காரர் இல்ல. நான்தான் கதவத் தொறந்தேன்" என்கிற அளவுக்கு வெட்டி, அதன் பின்னால் ஒரு வயலினைப் போட்டார்கள். அடுத்தது நான். இரட்டைப் பின்னலோடு, உதட்டில் பிஸ்கெட் தூளோடு. பெரியப்பா எப்போதெல்லாம் வருவார் என்று மேடம் கேட்க, "தெனமும் வருவாங்க" என்கிறேன். அப்பா இருக்கும்போதா என்று கேட்க, "அப்பா வேலைக்குப் போயிடுவாங்க" என்கிறேன். "டீ குடிச்சிட்டு லோடு ஏத்தப் போயிடுவாங்க" என்று அதற்கு அடுத்த மூச்சில் சொன்னதைக் காணவில்லை. பிறகு அப்பாவிடம், மனைவி மேல் சந்தேகம் வந்ததே இல்லையா என்று கேட்டார்கள். தறிச் சத்தத்தில் இருபது வருஷம் நின்ற மனிதர், காது மந்தம், எதற்கும் நிதானித்துத்தான் பதில் சொல்வார். அவர் நிதானித்ததைக் கிட்டத்தில் போய்க் காட்டினார்கள், மூன்று தடவை. அதற்குப் பிறகு அவர் சொன்ன "இல்லம்மா, அப்படிப் பேசறது தப்பு" என்பதைக் காட்டவில்லை.

பெரியப்பா கைகூப்பிச் சொன்னதும் வரவில்லை. எழுத்துகள் மேலே ஓடி, சோப்பு விளம்பரம் வந்துவிட்டது.

"இன்னும் இருக்கு, இருங்க" என்றாள் அம்மா. விளம்பரம் முடிந்து சமையல் நிகழ்ச்சி வந்தது. அப்போதும் "இருங்க" என்றாள்.

"அடுப்புல பால் வெச்சிட்டு வந்தேன்" என்று வீட்டுக்காரம்மா எழுந்தாள். கோதண்டம் மாமா போய் டிவியை நிறுத்தினார். செல்வி அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அது தூங்கிக்கொண்டிருந்தும் தட்டிக்கொடுத்தபடி வெளியே போனாள். கடைசியாக எழுந்த சொல்தா, காகிதத்தை எப்போதும் 'பப்பியே' என்றுதான் சொல்வார், அம்மாவைப் பார்த்து, "அவன் கேட்ட பப்பியேல எல்லாம் நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்திருக்க. உனக்கு எவம்மா பப்பியே குடுத்தான்?" என்றார். அந்த மனிதர் சத்தியமாகக் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதுதான் சரி. அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

எட்டு டம்ளர் சோடாவையும் அம்மா சாக்கடையில் கொட்டினாள். கேட்க வேண்டிய கேள்வியை அவள் கேட்கவில்லை. எதைக் காட்டி, "கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று கேட்பது?

மறுநாள், கையெழுத்து வாங்கிய அந்த ஸ்டுடியோப் பெண்ணுக்குப் போன் போட்டோம். "டைம் பத்தலம்மா, எடிட்டிங்ல போயிடுச்சி" என்றாள். ஒரு வரிக்கு அவர்களுக்கு டைம் பற்றவில்லை. என் அப்பாவின் முகத்தை மூன்று தடவை காட்ட டைம் இருந்தது. குடும்பப் பிரச்சினையைத் தீர்க்கிறோம் என்று சொல்லிப் பிழைத்த அந்தக் கூட்டத்தை நான் மன்னிக்கவில்லை. ஏழைகளின் வீட்டுக்குள் நுழைந்து பீரோவைத் திறந்தவர்கள், பணத்தை விட்டுவிட்டு மானத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்கு நாங்களே கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தோம்.

பள்ளிக்கூடத்தில் என் பேர் 'தெனமும்' ஆயிற்று. முதலில் பின்பெஞ்சுப் பிள்ளைகள், அப்புறம் எல்லாரும், "ஏய் தெனமும், இன்னிக்கும் வந்தாராடி?" என்பார்கள். ஒன்பதாம் வகுப்பு அரைப்பரீட்சையோடு நான் நின்றுவிட்டேன். வயிற்றுவலி என்று வீட்டில் சொன்னேன். யார் எதைக் கேட்டாலும், சொல்லப்போகிற பதிலில் எதை வெட்டினால் எப்படி ஆகும் என்று யோசிக்கிற வியாதி அப்போது பிடித்தது, இன்னும் விடவில்லை. இதை எழுதும்போதும் ஒவ்வொரு வரியையும் அப்படித்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

நாலைந்து மாசம் கழித்து ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, "நான் இல்லன்னுதான சொன்னேன்?" என்று என்னைக் கேட்டார்.

"சொன்னப்பா. நான் கேட்டேன்."

"ம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது, அம்மா மேல் இல்லை, தன் வாய் மேல்.

பெரியப்பாவுக்குத்தான் அந்த நிகழ்ச்சியால் லாபம். மூன்று மாசம் முடிந்து அம்மா போன் செய்தபோது, "உன் வாசப்படிய மிதிச்சா ஊரு என்ன சொல்லும்? காசக் குடுத்தா, எதுக்குக் குடுத்தான்னு கேக்க மாட்டாங்க? நான் மானஸ்தன்மா" என்றார்.

இதெல்லாம் பழங்கதையாகிவிட்டது. அந்த நிகழ்ச்சி நின்றுவிட்டது. அந்த வீட்டையும் நாங்கள் காலி செய்துவிட்டோம், உப்பளத்திலேயே வேறொரு சந்தில் இருக்கிறோம். சொல்தாவும் இல்லை, அப்பாவும் இல்லை. போகாமல் இருப்பது அந்த வீடியோ மட்டும். யாரோ அதைத் துண்டாக வெட்டி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். இரட்டைப் பின்னலோடு நான் இன்னமும் "தெனமும் வருவாங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், கீழே முகம் தெரியாதவர்கள் சிரித்துவிட்டுப் போகிறார்கள். நான் வேலை செய்கிற தையல் கடையில் ஒரு டிவி உண்டு. மத்தியானம் அதில் வேறு மேடம், வேறு நாற்காலி, வேறு அழுகை. ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் நின்று பார்த்து, "இவ சரியில்லடி, மூஞ்சே சொல்லுதே" என்று தீர்ப்புச் சொல்வார்கள். நான் மெஷினை வேகமாக மிதிப்பேன்.

போன வருஷம் பெரியப்பா இறந்தார். காரியம் முடிந்த மாசம், ஒரு மத்தியானம் அவர் மகன் எங்கள் வீட்டுக்கு வந்தான். பேண்ட் பாக்கெட்டில் ஒரு கவர் வைத்திருந்தான். உள்ளே வராமல், தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "சித்தி, அப்பா உங்க பாக்கிய முடிக்கச் சொல்லிட்டுப் போனாரு. யாரும் பாக்க வேணாம்னுதான் இந்த நேரத்துல வந்தேன்" என்றான்.

நாங்கள் இருந்த நிலைமைக்கு அந்தக் கவரை நான் பிடுங்கியிருப்பேன். அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"என் பணத்த நான் ஏம்ப்பா திருட்டுத்தனமா வாங்கணும்? சாயங்காலமா வா. உங்க பக்கத்துல ரெண்டு பேர், எங்க பக்கத்துல ரெண்டு பேர், நாலு பேரக் கூட்டிக்கிட்டு வந்து, இது இன்ன காசுன்னு சொல்லிக் குடு. நான் வாங்கிக்கறேன்."

அவன் கவரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "சரிங்க சித்தி" என்று போனான். அம்மா இன்றைக்கும் சாயங்காலமானால் நாலு நாற்காலியைத் துடைத்துப் போட்டு வைக்கிறாள். அவன் வரவில்லை. பாக்கி எண்பத்தைந்தாயிரம் ரூபாய்.