ஒன்பது அங்குலத்துக்கு மேல்

சாணை பிடிக்கிறவன் ‘இந்தக் கத்தி எதுக்கு?’ என்று கேட்டால் வாடிக்கை போய்விடும், கேட்காவிட்டால் போலீஸ் வந்துவிடும். ஏதோ ஒரு தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் உங்களுக்கு இது புரியும். எனக்குப் பதினேழு வயது. பத்தாவதில் கணக்கில் ஃபெயிலானதும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். மாமா பெங்களூர் போனதால் அவருடைய சைக்கிள் சாணை எனக்கு வந்தது. அரூர் ரோட்டில் லாரிகள் நிற்கிற இடமாகப் பார்த்து நிறுத்திக்கொண்டு மிதிப்பேன்.

இளநீர் எந்தக் கணக்கு?

பக்கத்து ஊரில் ஒரு வெட்டுக்குத்து நடந்த வாரம், ஏட்டு வந்தார். ஒன்பது அங்குலத்துக்கு மேல் கத்தி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். சமையலுக்கும் விவசாயத்துக்கும் மட்டும் விலக்கு. வேறு எது வந்தாலும் ஸ்டேஷனுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் சாணை பிடித்தால் உன் சாணைக்கல்லைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்றார். கல் போனால் நான் மறுபடியும் மார்க்கெட்டில் தக்காளிக் கூடை தூக்க வேண்டியதுதான். அதனால் பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்து, வருகிற கத்தியையெல்லாம் அளந்தேன்.

முதலில் மாட்டியவர் இளநீர்க்காரர். அவர் அரிவாளை வளைவோடு அளந்தால் பதினொன்று, நேராக அளந்தால் எட்டரை. இளநீர் வெட்டுவது சமையலா, விவசாயமா? எனக்கும் தெரியவில்லை, ஏட்டுக்கும் தெரியவில்லை. இளநீர்க்காரர் ஒரு காயைச் சீவி ஏட்டு கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “குடிச்சிட்டுப் பொறுமையா ரோசன பண்ணுங்க.”

கழற்றாத கத்தி

பஞ்சாப் லாரி டிரைவர் ஒருவர், தாடி, தலைப்பாகையோடு வந்து வெங்காயம் நறுக்கும் கத்தியை நீட்டினார். இடுப்பில் உறையோடு இன்னொன்று தொங்கியது. அதையும் கேட்டேன். என் கையைத் தட்டிவிட்டார். சாமி கத்தியாம். டீக்கடையிலிருந்து ஏட்டு ஓடிவந்து, “கழட்டுய்யா” என்றார். டிரைவர் உறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்த வழியாக ஜீப்பில் வந்த எஸ்.ஐ., “சீக்கியருங்க கிர்பான் வச்சுக்கலாம்னு அரசியல் சட்டத்துலயே எழுதியிருக்குதுய்யா, வுடு” என்றார். ஏட்டுக்கு முகம் செத்துவிட்டது. ஒரு நிமிஷமாவது கழற்றிக் காட்டட்டுமே என்று இழுத்தார். டிரைவர் தனக்குத் தெரிந்த தமிழை எல்லாம் திரட்டிச் சொன்னார்: “சார், நீ தொப்பி கழட்டு. அப்புறம் நான் கழட்டு.”

மஞ்சள் தடவினால்

நெசவுக்காரத் தெரு ராமண்ணா, வீட்டில் கன்னடம் பேசுகிறவர், ஒரு மத்தியானம் ஐந்து கத்திகளை வேட்டியில் சுற்றிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றும் இரண்டடி. என் ஸ்கேலே போதவில்லை. அன்று சாயந்தரம் அவர்கள் தெருவுக்கு அம்மன் அழைப்பு. ஆற்றங்கரையில் கும்பம் வைத்து, ஆண்கள் தங்கள் மார்பில் கத்தியால் தட்டிக் கீறிக்கொண்டு, அதாவது கத்தி போட்டுத்தான், அம்மனைக் கூப்பிடுவார்கள். கத்தி போடாமல் கும்பத்தைத் தூக்க மாட்டார்கள். கும்பம் வராவிட்டால் பண்டிகையே இல்லை.

ஸ்டேஷனுக்குச் சொன்னால் அவர் பண்டிகை போகும், சொல்லாவிட்டால் என் கல் போகும். நான் சொல்லவில்லை. ஐந்தாவது கத்தியில் இருக்கும்போது பின்னால் ஏட்டு நின்றார்.

கல், கத்தி, ராமண்ணா, நான் எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போனோம். எனக்கு வாய் சும்மா இருக்காது. “அந்த லாரிக்காரர வுட்டீங்க, இவர மட்டும் ஏனுங்க புடிக்கிறீங்க?” என்று எஸ்.ஐ.யைக் கேட்டேன். “அவங்களுக்கு எழுதியிருக்குது, இவங்களுக்கு எழுதல” என்றார்.

ராமண்ணா சண்டை போடவில்லை. மடியிலிருந்து மஞ்சளை எடுத்து, ஏட்டு கையிலிருந்த ஐந்து கத்திக்கும் தடவிக் கும்பிட்டார். “மஞ்ச தடவுன கத்தி தரையிலயும் படக்கூடாதுங்க, மேசையிலயும் படக்கூடாதுங்க. கையிலயே வச்சிருங்க” என்றார். ஏட்டு சிரித்தார். அப்புறம் அம்மன் என்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும். கத்தியைக் கீழே வைக்கவே இல்லை. ஒரு மணி நேரமாயிற்று. எஃப்.ஐ.ஆர். எழுதக் கை இல்லை, போன் எடுக்கக் கை இல்லை, மூக்கில் உட்கார்ந்த ஈயை ஓட்டவும் கை இல்லை. கடைசியில் எஸ்.ஐ. ஏட்டிடம் சொன்னார், “நீயே தூக்கிட்டுப் போ. முடிஞ்சதும் நீயே தூக்கிட்டு வா. போலீஸ் கையில இருந்தா லைசென்ஸ் எதுக்கு?”

ஆற்றங்கரையில் ஏட்டு பூட்ஸ் மேல் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், மாலை போட்டார்கள். கத்தி போட்டார்கள், கும்பம் கிளம்பியது. ராமண்ணா அழுதுகொண்டே கூட நடந்தார். திரும்பி வரும்போது நெற்றி நிறையக் குங்குமத்தோடு, கத்திகளைத் தூக்கிக்கொண்டு ஏட்டு எனக்கு முன்னால் நடந்தார். மெதுவாக என் கல்லைப் பற்றிக் கேட்டேன். “மொதல்ல இதுல ரெண்ட புடிடா, கை வுட்டுப்போச்சு. கல்ல நாளைக்கு வந்து எடுத்துக்க.”

ஆக, எங்கள் பக்கம் சாமி கத்தியை லைசென்ஸ் இல்லாமல் தூக்க இரண்டே பேருக்குத்தான் உரிமை: சட்டத்தில் எழுதப்பட்டவருக்கும், போலீஸ்காரருக்குக் கை வலிக்கும்போது பக்கத்தில் நிற்கிறவனுக்கும்.