அப்பாவுக்காக ஒரு பூசை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது என் அப்பாவைச் சாகடித்தவள் நான்தான். அதுவும் தமிழ்ப்பள்ளியில் பரிசு வாங்கிய கையெழுத்தில்.

அதற்கு முந்தைய வருடம்தான் அப்பா, வேலை செய்த இடத்தில் பழக்கமான ஒருத்தியோடு காஜாங் என்ற ஊருக்குப் போய்விட்டிருந்தார். எங்கள் ஊர் கிள்ளானில் தேவாலயச் சபையார் பார்த்த பார்வை தாங்காமல், அம்மா ஞாயிறுதோறும் என்னை ரயிலில் கூட்டிக்கொண்டு தலைநகரில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு தேவாலயத்துக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே எங்களை யாருக்கும் தெரியாது.

ஒரு ஞாயிறு, யாருக்காகப் பூசையில் வேண்ட வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் பூசைக் கருத்துத் தாளை அம்மா என்னிடம் கொடுத்து, "அப்பா பேர எழுதிப் பெட்டியில போட்டுடும்மா" என்றாள். தாளில் இரண்டு கட்டங்கள் இருந்தன: உயிருள்ளோர், மரித்தோர். பெரியம்மா வீட்டுக்கு வரும்போதெல்லாம், "அவன் நமக்குச் செத்துட்டான் லா, விடு" என்பார். பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இரண்டாவது கட்டத்தில் அழகாக எழுதிப் போட்டேன். சனிக்கிழமை அப்பா போன் செய்தபோது, "நாளைக்கு பிரிக்பீல்ட்ஸ் கோயில்ல உங்களுக்குப் பூசை இருக்குப்பா" என்று சந்தோஷமாகச் சொல்லவும் செய்தேன்.

மறுநாள் மரித்தோர் பட்டியலை வாசித்தார்கள். நடுவில் அப்பாவின் பெயர் வந்தது. அம்மா திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். பின்னால் யாரோ பலமாக இருமினார்கள். திரும்பினால், கடைசித் தூணருகே அப்பா! இளைத்துப்போயிருந்தார். அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். பூசை முடிவதற்குள் அது நிஜ அழுகையாகவே மாறிவிட்டது.

வாசலில் அப்பா, "அவ்ளோ கோபமா?" என்றார்.

"புள்ள தப்பா எழுதிட்டா. நீங்க செத்திருந்தா ஒரு தடவ அழுது முடிச்சிருப்பேன். உசுரோட இருக்கீங்களே, அதான் தினமும் வேண்டிக்க வேண்டியிருக்கு."

அப்பா அத்தனை பேர் நடுவில் அழுதார். "அவள விட்டுட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வரட்டுமா?"

அம்மா அவருடைய இளைத்த முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

மூவரும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். "அண்ணே, அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க" என்று அம்மாதான் சொன்னாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் இரண்டு அப்பளம் கூடுதலாகச் சாப்பிட்டேன். ஆனால் ரயில் நிலையத்தில் அம்மா, "அடுத்த ஞாயிறும் பூசைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அப்பா அங்கேயே நின்றுவிட்டார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "மன்னிக்கணும்னு ஃபாதர் சொன்னாருல்ல? நீதான் பாவம் பண்ற!"

"மன்னிச்சிட்டேம்மா" என்றாள். "இன்னும் வலிக்குது, அவ்ளோதான்."

அப்பா வீட்டுக்கு வர அடுத்த ஈஸ்டர் ஆகிவிட்டது. அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் அவரை நிலையத்தில் விட்டுவிட்டுத் திரும்பினோம். ஒவ்வொரு முறையும் கிள்ளான் வரும்வரை நான் அம்மாவோடு பேசாமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவள் என் கையை மட்டும் விடமாட்டாள். அந்த ரயிலில் அவள் என்னையும் சேர்த்துத்தான் மன்னித்துக்கொண்டு வந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.